குற்றச்சாட்டும் குற்றமும் – அமெரிக்க நாட்டின் கிராண்ட் ஜூரி

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

செய்தித்தாளில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் புரட்டினால், அமெரிக்காவில் இன்னார்மீது கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டியது என்னும் தலைப்பு அவ்வப்போது கண்ணில் படுகிறது. அதைப் படித்தவுடன், "அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது" என்று பலரும் பேசத் தொடங்கிவிடுகின்றனர். ஜூரி என்ற சொல் தீர்ப்பை நினைவூட்டுவதே இதற்குக் காரணம். உண்மையில் கிராண்ட் ஜூரி யாரையும் குற்றவாளி என்று தீர்ப்பதில்லை. யாருக்கும் தண்டனை விதிப்பதுமில்லை. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்குப் போதிய காரணம் உண்டா, இல்லையா என்ற ஒரே கேள்விக்குத்தான் அது விடை சொல்கிறது.

நாங்கள் எட்டாம் வகுப்பு முதல் குடிமையியல் பாடத்தில் நீதிமன்றங்களைப் பற்றிப் படித்து வருகிறோம். வழக்கு நடப்பதைப் பற்றிப் படிக்கிறோம். வழக்கு பிறப்பதைப் பற்றி அவ்வளவாகப் படிப்பதில்லை. ஒரு மனிதர்மீது அரசாங்கம் முதன்முதலாகக் கை நீட்டி, "நீ குற்றம் செய்தாய்" என்று சொல்லும் அந்த நேரம் மிகவும் முக்கியமானது. அதை அமெரிக்கர் எவ்வாறு ஒழுங்குபடுத்தியுள்ளனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இரண்டு அடுக்குச் சட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடு 50 மாநிலங்களைக் கொண்ட கூட்டாட்சி நாடு. நம் நாட்டில் முக்கியமான தண்டனைச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றாக இருக்கிறது. அங்கே அப்படியன்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் தண்டனைச் சட்டமும், தனிப் போலீசும், தனி நீதிமன்றங்களும் உண்டு. கொலை, திருட்டு, அடிதடி போன்றவற்றைப் பெரும்பாலும் மாநிலங்களே விசாரிக்கின்றன. கள்ளநோட்டு அடித்தல், தபால் மூலம் மோசடி செய்தல், மத்திய வருமான வரியை ஏய்த்தல், ஆளைக் கடத்தி ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோதல் முதலியவை மத்திய அரசின் சட்டத்துக்கு உட்பட்ட குற்றங்கள். இக்கட்டுரை மத்திய அரசின் வழக்குகளைப் பற்றியது.

மத்திய நீதிமன்றங்களுக்காக அந்நாடு 94 நீதி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இம்மாவட்டங்களில் அரசின் சார்பில் வழக்குத் தொடுக்கும் பொறுப்பு, ஜனாதிபதி நியமித்துச் செனட் சபை ஒப்புதல் அளிக்கும் வழக்கறிஞர்களிடம் உள்ளது. துப்பறியும் வேலையை எஃப்.பி.ஐ. போன்ற துறைகள் செய்கின்றன. ஆனால் துப்பறிந்தவரே வழக்குத் தொடுத்துவிட முடியாது. அவர் திரட்டியதை அரசு வழக்கறிஞர் பார்க்க வேண்டும். பெரிய குற்றமாயின், அரசு வழக்கறிஞரும் தம் விருப்பப்படி நீதிமன்றத்துக்குப் போய்விட முடியாது. இடையில் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் காவல் நிற்பது அதிகாரிகள் அல்லர். ஊரில் உள்ள சாதாரணக் குடிமக்கள். அவர்களே கிராண்ட் ஜூரி.

தோன்றிய வரலாறு

இந்த முறை அமெரிக்காவில் பிறந்ததன்று. இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி மன்னர் 1166-ஆம் ஆண்டு கிளாரெண்டன் என்னுமிடத்தில் ஒரு சட்டம் செய்தார். அதன்படி ஒவ்வொரு வட்டாரத்திலும் நேர்மையான 12 பேரும், ஒவ்வொரு சிற்றூரிலும் 4 பேரும் சத்தியம் செய்து, தங்கள் பகுதியில் கொலை, கொள்ளை செய்தவர் என்று சந்தேகிக்கப்படுவோரின் பெயர்களைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இந்தக் குழு மன்னருக்குக் கண்ணும் காதுமாக இருந்ததே ஒழிய, மக்களுக்குக் கேடயமாக இருக்கவில்லை.

அவ்வாறு பெயர் சொல்லப்பட்டவரை அக்காலத்தில் எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி! இத்தகைய சோதனைகளைக் குருமார்கள் ஆசீர்வதித்து நடத்தி வந்தனர். 1215-ஆம் ஆண்டு, பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ட் கூட்டிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், குருமார்கள் இதில் பங்கு கொள்ளக்கூடாது என்று தடை செய்தது. குருவானவர் இல்லாமல் சோதனை இல்லை. ஆகவே இங்கிலாந்தில் அந்த வழக்கம் ஒழிந்தது. அதன் இடத்தில், சாட்சியத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் இன்னொரு ஜூரி மெல்ல வளர்ந்தது. இப்படியாகக் குற்றம் சாட்டும் பெரிய ஜூரியும், தீர்ப்புச் சொல்லும் சிறிய ஜூரியும் என இரண்டு ஜூரிகள் ஏற்பட்டன. 'கிராண்ட்' என்பதற்குப் பிரெஞ்சு மொழியில் 'பெரிய' என்பதே பொருள். ஆட்களின் எண்ணிக்கையால்தான் அது பெரியது, அதிகாரத்தால் அன்று.

நாளடைவில் கிராண்ட் ஜூரி அரசரையே எதிர்த்து நிற்கும் துணிவைப் பெற்றது. 1681-இல் இரண்டாம் சார்லஸ் மன்னரின் அரசு, ஷாஃப்ட்ஸ்பரி பிரபுமீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டியது. லண்டன் கிராண்ட் ஜூரியோ பத்திரத்தின்மேல் 'இக்னோராமுஸ்' என்று எழுதித் திருப்பிவிட்டது. அந்த இலத்தீன் சொல்லுக்கு 'நாங்கள் அறியோம்' என்று பொருள். அதே ஆண்டு ஸ்டீபன் காலெஜ் என்ற தச்சர்மீது குற்றம் சாட்டவும் லண்டன் ஜூரி மறுத்தது. ஆனால் அரசு அவர் வழக்கை ஆக்ஸ்போர்டுக்குக் கொண்டுபோய், அங்கு வேறு ஜூரியை வைத்துக் குற்றம் சாட்டி, அவரைத் தூக்கிலிட்டது. பிரபு பிழைத்தார், தச்சர் பிழைக்கவில்லை. கேடயம் இருந்தாலும் அது எல்லாரையும் எப்போதும் காப்பாற்றிவிடவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது.

ஆங்கிலேயர் குடியேறிய அமெரிக்காவிலும் இம்முறை வேரூன்றியது. நியூயார்க்கில் ஜான் பீட்டர் ஸெங்கர் என்ற அச்சுக்கூடக்காரர், கவர்னரைக் கண்டித்து எழுதும் செய்தித்தாளை வெளியிட்டார். 1734-இல் அவர்மீது குற்றம் சாட்டும்படி தலைமை நீதிபதி கேட்டும் கிராண்ட் ஜூரி இணங்கவில்லை. பின்னர் அரசு வழக்கறிஞர் ஜூரியைக் கேட்காமல் தாமே குற்றம் சாட்டி ஸெங்கரைச் சிறையிலிருந்து விசாரணைக்குக் கொண்டுவந்தார். சிறையில் அவர் இருந்த மாதங்களில் அவர் மனைவி அன்னா செய்தித்தாளை நிறுத்தாமல் அச்சிட்டு வந்தார். 1735-இல் சிறிய ஜூரி ஸெங்கரை விடுதலை செய்தது.

இந்த அனுபவங்களை அமெரிக்கர் மறக்கவில்லை. சுதந்திரம் பெற்றபின் 1791-இல் தங்கள் அரசியலமைப்பில் சேர்த்த ஐந்தாம் திருத்தத்தில், மரண தண்டனைக்குரிய குற்றத்துக்கோ வேறு கொடிய குற்றத்துக்கோ, கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டினாலன்றி ஒருவரையும் விசாரணைக்கு உட்படுத்தக்கூடாது என்று எழுதி வைத்தனர். இராணுவத்தினர் வழக்குகளுக்கு மட்டும் விலக்கு அளித்தனர்.

மூன்று வழிகள்

இன்று மத்திய அரசின் வழக்கு ஒன்று தொடங்க மூன்று வகைப் பத்திரங்கள் உண்டு.

முதலாவது புகார்ப் பத்திரம். துப்பறியும் அதிகாரி சத்தியம் செய்து மாஜிஸ்டிரேட் நீதிபதியிடம் கொடுப்பது. இதைக் கொண்டு ஒருவரைக் கைது செய்யலாம். ஆனால் பெரிய குற்றத்துக்கு இதை மட்டும் வைத்து வழக்கை முடிக்க முடியாது. கைதானவரை 30 நாட்களுக்குள் முறைப்படி குற்றம் சாட்ட வேண்டும் என்று 1974-ஆம் ஆண்டின் விரைவு விசாரணைச் சட்டம் கூறுகிறது.

இரண்டாவது, அரசு வழக்கறிஞர் தாமே கையொப்பமிட்டுத் தாக்கல் செய்யும் பத்திரம். ஓராண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய சிறு குற்றங்களுக்கு இது போதும். பெரிய குற்றத்தில்கூட, குற்றம் சாட்டப்படுபவர் தம் உரிமையைத் தாமே நீதிமன்றத்தில் விட்டுக்கொடுத்தால் இதைப் பயன்படுத்தலாம். மரண தண்டனைக்குரிய குற்றமானால் அப்படி விட்டுக்கொடுக்கவும் முடியாது.

மூன்றாவதுதான் கிராண்ட் ஜூரி அளிக்கும் குற்றச்சாட்டுப் பத்திரம். ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்கெல்லாம் இதுவே விதி.

மூடிய அறைக்குள்

கிராண்ட் ஜூரியில் குறைந்தது 16 பேரும், கூடினால் 23 பேரும் இருப்பர். வாக்காளர் பட்டியல் முதலியவற்றிலிருந்து குலுக்கல்போல் இவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். 18 வயது நிரம்பிய குடிமகனாகவும், அந்த மாவட்டத்தில் ஓராண்டு வாழ்ந்தவராகவும், ஆங்கிலம் அறிந்தவராகவும் இருந்தால் போதும். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியை, தச்சர், கடைக்காரர், ஓய்வு பெற்ற நர்ஸ் என யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அவர்களுள் ஒருவரை நீதிபதி தலைவராக நியமிக்கிறார். ஒரு கிராண்ட் ஜூரி 18 மாதங்கள் வரை பணியாற்றும். தேவைப்பட்டால் மேலும் ஆறு மாதங்கள் நீட்டிக்கலாம். இக்காலத்தில் அது ஒரு வழக்கை மட்டுமன்றிப் பல வழக்குகளைப் பார்க்கிறது.

அந்த அறைக்குள் நாம் நுழைந்து பார்க்க முடிந்தால் வியப்படைவோம். அங்கே நீதிபதி இல்லை. குற்றம் சுமத்தப்படுபவரும் இல்லை. அவருடைய வக்கீலும் இல்லை. ஜூரிகள், அரசு வழக்கறிஞர், ஒரு சாட்சி, சுருக்கெழுத்தாளர், வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர், இவ்வளவுதான். ஜூரிகள் கலந்து பேசி வாக்களிக்கும்போது அரசு வழக்கறிஞர் உட்பட மற்ற எல்லாரும் வெளியேறிவிட வேண்டும்.

கிராண்ட் ஜூரியின் பெயரால் சாட்சிகளுக்கும் ஆவணங்களுக்கும் அழைப்பாணை பிறப்பிக்கலாம். அழைக்கப்பட்டவர் வந்தே தீர வேண்டும். தக்க காரணமின்றிப் பதில் சொல்ல மறுப்பவரை நீதிபதி சிறையில் வைக்கவும் கூடும். ஆயினும் தம்மையே குற்றவாளியாக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்கும் உரிமை சாட்சிக்கு உண்டு. அந்த உரிமையும் அதே ஐந்தாம் திருத்தத்தில்தான் இருக்கிறது. சாட்சி தம் வக்கீலை உள்ளே அழைத்து வர முடியாது; ஆனால் இடையில் வெளியே வந்து அவரிடம் யோசனை கேட்டுப் போகலாம்.

எல்லாவற்றையும் கேட்டபின் ஜூரிகள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: குற்றம் நடந்தது என்றும், இவர் அதைச் செய்தார் என்றும் நம்புவதற்கு நியாயமான காரணம் இருக்கிறதா? குறைந்தது 12 பேர் 'ஆம்' என்றால் குற்றச்சாட்டு ஏற்கப்படும். தலைவர் அதில் கையொப்பமிடுவார். அது திறந்த நீதிமன்றத்தில் மாஜிஸ்டிரேட் நீதிபதியிடம் ஒப்படைக்கப்படும். 12 பேர் சேராவிட்டால் குற்றச்சாட்டு இல்லை.

ஏன் இவ்வளவு இரகசியம்?

அறையில் நடந்ததை ஜூரிகளும், அரசு வழக்கறிஞரும், சுருக்கெழுத்தாளரும் வெளியே சொல்லக்கூடாது. சாட்சி மட்டும், தான் சொன்னதைப் பிறரிடம் கூற விரும்பினால் கூறலாம். இந்த இரகசியத்துக்குப் பல காரணங்கள் உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் சந்தேகத்துக்குரியவர் ஓடிவிடலாம், சாட்சிகளை மிரட்டலாம், ஜூரிகளுக்குப் பணம் கொடுத்துப் பார்க்கலாம்.

இவை யாவற்றினும் எங்களைக் கவர்ந்த காரணம் வேறொன்று. ஜூரி விசாரித்து, 'குற்றம் சாட்டப் போதிய காரணம் இல்லை' என்று முடிவு செய்தால், அந்த மனிதர்மீது சந்தேகம் இருந்தது என்ற செய்தியே ஊருக்குத் தெரியாமல் போக வேண்டும். வழக்கில் விடுதலையானவரைக்கூட ஊரார் பழைய கண்ணோடு பார்ப்பதில்லை. "நெருப்பில்லாமல் புகையுமா?" என்பார்கள். ஆகவே புகையே கிளம்பாமல் பார்த்துக்கொள்வது இந்த மூடிய கதவின் கடமைகளுள் ஒன்று.

இரண்டு ஜூரிகளின் வேறுபாடு

நினைவில் வைத்துக்கொள்ள எளிதாகச் சொல்வோம்.

1. கிராண்ட் ஜூரியில் 16 முதல் 23 பேர். விசாரணை ஜூரியில் 12 பேர்.

2. கிராண்ட் ஜூரிக்கு 12 பேரின் இசைவு போதும். விசாரணை ஜூரியோ ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

3. கிராண்ட் ஜூரி கேட்பது பெரும்பாலும் அரசுத் தரப்பை மட்டுமே. விசாரணை ஜூரி இரு தரப்பையும் கேட்கிறது.

4. கிராண்ட் ஜூரி மூடிய அறையில் கூடுகிறது. விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்கிறது.

5. கிராண்ட் ஜூரிக்கு நியாயமான காரணம் போதும். விசாரணை ஜூரிக்கோ நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

குற்றச்சாட்டுப் பத்திரம் வந்தபின் குற்றம் சாட்டப்பட்டவர் நீதிபதிமுன் நிறுத்தப்படுவார். குற்றச்சாட்டு அவருக்கு அறிவிக்கப்படும். அவர் 'நான் குற்றவாளி' என்றோ, 'குற்றவாளி அல்லேன்' என்றோ சொல்லலாம். ஜாமீன் பற்றி முடிவாகும். அதன்பிறகே விசாரணை. ஆகவே குற்றச்சாட்டுப் பத்திரம் என்பது பயணத்தின் தொடக்கமே. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரைக் குற்றவாளி என்று அழைப்பது தவறு.

பெண்ணாயிருந்ததே குற்றமானபோது

பெண்கள் பள்ளியில் படிக்கும் நாம் அறிந்திருக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. சூசன் பி. அந்தோணி என்ற அம்மையார் பெண்களின் வாக்குரிமைக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்தவர். 1872-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், தம் சகோதரிகளுடனும் மற்றச் சில பெண்களுடனும் சென்று ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்தார். அக்காலத்தில் அங்கே பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் இங்குப் பிறந்த எல்லாரும் குடிமக்களே என்று அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் கூறுகிறது. குடிமகளுக்கு வாக்கு உண்டு அல்லவா என்பது அவர் வாதம்.

நவம்பர் 18-ஆம் நாள் மத்திய அரசின் அதிகாரி அவர் வீட்டுக்கு வந்து கைது செய்தார். டிராமில் ஏறியபோது நடத்துநர் கட்டணம் கேட்க, தாம் அரசாங்கச் செலவில் பயணம் செய்வதாகவும், அதிகாரியிடம் வாங்கிக்கொள்ளும்படியும் அம்மையார் சொன்னாராம்.

1873 ஜனவரியில் ஆல்பனி நகரில் கூடிய மத்திய கிராண்ட் ஜூரி அவர்மீது குற்றம் சாட்டியது. அதில் இருந்தவர்கள் 20 பேர், இருபதின்மரும் ஆண்கள். சட்டப்படி உரிமையில்லாமல் தெரிந்தே வாக்களித்தார் என்பது குற்றச்சாட்டு. உரிமையில்லாமற் போனதற்குக் காரணமாக அப்பத்திரம் குறிப்பிட்டது, அவர் பெண்ணினத்தவர் என்பதையே. அவருடைய சகோதரர் இதே செயலைச் செய்திருந்தால் அது குற்றமாகாதது மட்டுமன்று, பாராட்டுக்குரியதாகவும் இருந்திருக்கும் என்று அவருடைய வக்கீல் ஹென்றி செல்டன் நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார்.

விசாரணை நடக்குமுன் அம்மையார் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று, தாம் செய்தது குற்றமா என்று மக்களிடமே கேட்டார். அந்த மாவட்டத்து மக்கள் மனம் மாறிவிடுவர் என்று அஞ்சிய அரசுத் தரப்பு, வழக்கைக் கனன்டைகுவா என்னும் ஊருக்கு மாற்றியது. அம்மையார் அப்பகுதிக்கும் சென்று பேசினார்.

1873 ஜூன் 17, 18 தேதிகளில் விசாரணை நடந்தது. நீதிபதி வார்ட் ஹன்ட் அவரைத் தம் சார்பில் சாட்சி சொல்ல அனுமதிக்கவில்லை. முடிவில், ஜூரிகள் கலந்து பேசவும் இடம் தராமல், குற்றவாளி என்றே தீர்ப்பளிக்கும்படி கட்டளையிட்டார். நூறு டாலர் அபராதம் விதித்தார். அநீதியான அந்த அபராதத்தில் ஒரு டாலர்கூடச் செலுத்த மாட்டேன் என்றார் அம்மையார், இறுதிவரை செலுத்தவுமில்லை. அவர் 1906-இல் காலமானார். பெண்களுக்கு வாக்குரிமை அளித்த பத்தொன்பதாம் திருத்தம் 1920-இல் நிறைவேறியது.

இவ்வழக்கில் விதிமுறைகள் பெரும்பாலும் நடந்தேறின. கிராண்ட் ஜூரி கூடியது, பத்திரம் எழுதப்பட்டது, விசாரணை நடந்தது. ஆயினும் நீதி கிடைக்கவில்லை. ஏனெனில் குற்றம் சாட்டிய அறையிலும் தீர்ப்புச் சொன்ன அறையிலும் ஒரு பெண்ணுக்கும் நாற்காலி போடப்படவில்லை.

பெண்களுக்கும் நாற்காலி

வாக்குரிமை வந்த பின்னும் ஜூரிக் கதவு பெண்களுக்கு உடனே திறந்துவிடவில்லை. 1946-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கலிபோர்னியாவில் தபால் மோசடிக் குற்றம் சாட்டப்பட்ட எட்னா பல்லார்டு என்ற பெண்மணி, தம்மீது குற்றம் சாட்டிய கிராண்ட் ஜூரியிலும் தம்மை விசாரித்த ஜூரியிலும் வேண்டுமென்றே பெண்கள் விலக்கப்பட்டனர் என்று முறையிட்டார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக் குற்றச்சாட்டையே தள்ளுபடி செய்தது. ஆண்கள் மட்டும் கூடிய கூட்டம் ஊராகாது. ஆணும் பெண்ணும் சேர்ந்ததே ஊர் என்பது அத்தீர்ப்பின் கருத்து. அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பது அங்கே கேள்வியன்று. குற்றம் சாட்டிய குழு சரியான குழுவா என்பதே கேள்வி. பின்னர் 1957-இல் வந்த குடியுரிமைச் சட்டம், மத்திய நீதிமன்ற ஜூரிகளில் பெண்கள் பணியாற்ற எந்த மாநிலத்துச் சட்டமும் தடையாகாதபடி செய்தது.

ஜனாதிபதியும் விலக்கல்லர்

கிராண்ட் ஜூரியின் வலிமையை உலகம் 1974-இல் கண்டது. வாட்டர்கேட் கட்டடத்தில் 1972 ஜூன் 17 அன்று நடந்த திருட்டு நுழைவை மறைக்கச் சதி செய்ததாக, 1974 மார்ச் முதல் நாள் வாஷிங்டன் கிராண்ட் ஜூரி ஏழு பேர்மீது குற்றம் சாட்டியது. அவர்கள் ஜனாதிபதி நிக்சனின் நெருங்கிய உதவியாளர்களும் தேர்தல் பணியாளர்களும் ஆவர். நிக்சன்மீது அது குற்றம் சாட்டவில்லை. ஆனால் சதியில் பங்கு கொண்டவர் என அவரையும் குறிப்பிட்டது. ஒலிநாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஜூலை 24-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகஸ்டு 9-இல் நிக்சன் பதவி விலகினார். சாதாரணக் குடிமக்கள் அமர்ந்த ஓர் அறையிலிருந்து புறப்பட்ட கேள்வி வெள்ளை மாளிகையின் கதவைத் தட்டியது.

குறைகளும் உண்டு

இம்முறையைக் குறை கூறுவோரும் பலர். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எப்படி முடிவு செய்வது என்பது முதற் குறை. நேரில் கண்டவர் வராமல், பிறர் சொல்லக் கேட்டதை அதிகாரி சொன்னாலும் குற்றச்சாட்டு செல்லும் என்று 1956-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. குற்றம் சுமத்தப்படுபவருக்குச் சாதகமான சான்றை ஜூரிமுன் வைக்க அரசு வழக்கறிஞர் சட்டப்படி கட்டுப்பட்டவர் அல்லர் என்று 1992-இல் தீர்ப்பாயிற்று. இவ்வாறிருப்பதால், அரசு வழக்கறிஞர் கேட்டதை ஜூரி பெரும்பாலும் மறுப்பதில்லை. நினைத்தால் ஒரு சாண்ட்விச்மீதுகூடக் குற்றம் சாட்ட வைத்துவிடலாம் என்னும் கேலிப் பேச்சு, 1985-இல் நியூயார்க் மாநிலத் தலைமை நீதிபதி சால் வாக்ட்லர் சொன்னதிலிருந்து புகழ் பெற்றது.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! 2025 ஆகஸ்டில் வாஷிங்டன் நகரில் ஒருவர், மத்திய அரசின் அதிகாரி ஒருவர்மேல் சாண்ட்விச்சை வீசி எறிந்தார். பெருங்குற்றம் சாட்ட வேண்டும் என்று அரசு வழக்கறிஞர்கள் கேட்டனர். கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது. பிறகு அவர்கள், கிராண்ட் ஜூரி தேவைப்படாத சிறு குற்றமாக அதை மாற்றித் தாங்களே தாக்கல் செய்தனர். நவம்பரில் விசாரணை ஜூரி அவரைக் குற்றவாளி அல்லர் என்று விடுவித்தது. மூன்று வகைப் பத்திரங்களையும் இரண்டு வகை ஜூரிகளையும் விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராண்ட் ஜூரி வேண்டும் என்ற விதி மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும். மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1884-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பல மாநிலங்களில் அரசு வழக்கறிஞரே குற்றம் சாட்டி, நீதிபதியின் முன் ஆரம்ப விசாரணை நடத்தும் முறை உள்ளது. தாய்நாடான இங்கிலாந்தோ 1933-இல் இம்முறையை ஏறக்குறைய முழுவதும் கைவிட்டது. எஞ்சியதும் 1948-இல் ஒழிந்தது.

நம் சென்னையிலும் இருந்தது

கிராண்ட் ஜூரி நம் சென்னைக்கும் வந்த விருந்தாளிதான். 1665-இல், புனித ஜார்ஜ் கோட்டையில் வாழ்ந்த அசென்ஷியா டாஸ் என்ற மாது தம் அடிமைச் சிறுமியைக் கொன்றதாக எழுந்த வழக்கில் கிராண்ட் ஜூரியும் சிறிய ஜூரியும் அமர்த்தப்பட்டன. கிராண்ட் ஜூரி, குற்றச்சாட்டு உண்மை என்று எழுதியது. சிறிய ஜூரியோ முதலில் குழப்பமாக ஏதோ சொல்லிப் பின் குற்றமில்லை என்று கூற, அந்த மாது விடுதலையானார். இறந்துபோன சிறுமிக்காகப் பேச அந்த ஜூரியில் அவளைப் போன்றவர் ஒருவரும் இல்லை. சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகரங்களில் கிராண்ட் ஜூரி முறை 1865-இல் ஒழிக்கப்பட்டது.

இன்று நம் நாட்டில் போலீசார் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, புலன் விசாரணை நடத்தி, குற்றப்பத்திரிகையை நீதிமன்றத்தில் தாக்கல் செய்கின்றனர். 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் இதுவே முறை. பெரிய வழக்குகளில் குற்றச்சாட்டை வனையலாமா, அல்லது எதிரியை விடுவித்துவிடலாமா என்று நீதிபதி ஆராய்கிறார். அமெரிக்காவில் 23 குடிமக்கள் நிற்கும் வாசலில் நம் நாட்டில் ஒரு நீதிபதி நிற்கிறார். வாசல் காப்பவர் வேறு. வாசல் வேண்டும் என்பதில் இரு நாடுகளும் ஒன்றே.

முடிவுரை

தோழியரே, சட்டம் ஏன் இவ்வளவு பாடுபடுகிறது? குற்றம் சாட்டுவதே ஒரு பெரிய செயல் என்பதால்தான். தண்டனை பிறகு வரலாம், வராமலும் போகலாம். ஆனால் குற்றம் சாட்டப்பட்ட அன்றே ஒருவரின் வேலை, நண்பர்கள், வீட்டாரின் நிம்மதி யாவும் ஆட்டம் காண்கின்றன. விசாரணையின்றி மடிந்த கோவலனுக்காக வகுப்பில் கண்ணீர் விடும் நாம், நம் நாவினால் பிறரைக் கூண்டில் ஏற்றாதிருக்கக் கற்க வேண்டும்.

வகுப்பில் ஒரு பேனா காணாமற் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் ஒன்று முணுமுணுப்பாக முதல் பெஞ்சில் கிளம்பினால் மணி அடிப்பதற்குள் கடைசிப் பெஞ்சுக்குப் போய்ச் சேரும். அங்கே 12 பேர் கலந்து பேசுவதில்லை; சத்தியமும் இல்லை; இரகசியமும் இல்லை. மாலையில் பேனா மேசைக்கு அடியில் கிடைத்துவிடலாம். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரை யார் திருப்பித் தருவார்கள்?

கிராண்ட் ஜூரி முறை அமெரிக்கருக்கு உரியது. அதன் நிறைகுறைகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதிலிருந்து மூன்று பழக்கங்களை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். காரணம் இருக்கிறதா என்று முதலில் கேட்போம். காரணம் போதாதென்றால் அந்தப் பெயரை வெளியே விடாமல் நமக்குள்ளேயே நிறுத்திக்கொள்வோம். காரணம் இருந்தாலும், மறு பக்கத்தைக் கேட்கும்வரை 'குற்றவாளி' என்ற சொல்லை வாயில் எடுக்காதிருப்போம். அடுத்த முறை செய்தித்தாளில் அந்தத் தலைப்பைக் காணும்போது, வீட்டில் உள்ளவர்களிடம், "இது தீர்ப்பன்று, வழக்கு இனிமேல்தான் நடக்கப் போகிறது" என்று நாம் எடுத்துச் சொல்வோமாக.